புரொப்பெல்லரை நாமே செதுக்குவதா, வாங்குவதா?

உடற்கூடு முடிந்து, இறக்கைகள் பொருந்தி, எஞ்சினும் ஏறிவிட்டது. மூக்கு மட்டும் மொட்டையாக இருக்கிறது. சொந்தமாக விமானம் கட்டுகிற எல்லோரும் ஒருநாள் வந்து நிற்கிற இடம் இது. விமானத்தையே கட்டியவனுக்கு ஒன்றரை மீட்டர் கட்டை ஒன்றைச் செதுக்க வராதா என்று கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பில் தப்பில்லை, ஆனால் எப்போது செதுக்குவது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முழுக்கக் கையால் செதுக்கலாம். நல்ல புரொப்பெல்லர் ஒன்றை மாதிரியாக வைத்து, அதைத் தடவியபடியே அதே வடிவத்தை வெட்டும் நகல் ரூட்டரில் வெட்டலாம். கணினியில் வரைந்து, கணினியே ஓட்டும் வெட்டு இயந்திரமான சிஎன்சி-யில் வெட்டிவிட்டுக் கையால் முடிக்கலாம். அதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்கலாம். மரமே வேண்டாம் என்றால், தரையில் நிற்கும்போது கோணத்தை மாற்றி வைக்கக்கூடிய கார்பன் பிளேடுகளும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் புரொப்பெல்லரை வாங்குங்கள், இரண்டாவதைச் செதுக்குங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன்.

காரணம் கைத்திறன் அல்ல, கணக்கு. திருகாணியை ஒரு சுற்றுத் திருகினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்கும்? அதுதான் பிட்ச். 60 அங்குல விட்டம், 40 அங்குலப் பிட்ச் என்று வைத்துக்கொள்வோம். பிளேடின் ஒவ்வோர் இடமும் ஒரு சுற்றில் அதே 40 அங்குலம் முன்னேற வேண்டும். ஆனால் நடுவுக்கு அருகில் உள்ள இடம் சின்ன வட்டம் போடுகிறது, நுனி பெரிய வட்டம் போடுகிறது. அதனால் மையத்திலிருந்து 10 அங்குலத்தில் கோணம் 32.5 பாகை, 18-இல் 19.5 பாகை, நுனியில் 12 பாகை. பிளேடு முறுக்கிக்கொண்டு இருப்பது இதனால்தான். பிட்சை அந்த இடத்துச் சுற்றளவால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான், ஒரு மாலைப் பொழுதில் முழு அட்டவணையையும் போட்டுவிடலாம்.

சிக்கல் அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதில்தான். நிமிடத்துக்கு 3000 சுற்று, சுற்றுக்கு 40 அங்குலம் என்றால் மணிக்கு 183 கிலோமீட்டர். காற்று கெட்டியான மரமல்ல, கொஞ்சம் வழுக்கும். ஆகவே வேகம் அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று தோன்றும். சில விமானங்கள் அந்தக் கணக்கைவிட வேகமாகப் போய்க் குழப்பும். பிட்சை நாம் பிளேடின் தட்டைப் பக்கத்தை வைத்து அளக்கிறோம். மறுபக்கம் இறக்கை மாதிரி வளைந்திருப்பதால் தட்டைப் பக்கம் காட்டும் கோணத்தைவிடக் கூடுதலாகவே அது காற்றைப் பிடிக்கிறது. ஆகவே ஒருவருடைய 40-ம் இன்னொருவருடைய 40-ம் ஒன்றல்ல. நண்பரின் விமானத்தில் நன்றாக ஓடுகிற எண்ணை வாங்கி உங்கள் கட்டையில் எழுதினால் அது உங்கள் எண்ணாகிவிடாது.

விட்டத்தின் கதை இதைவிடக் கறாரானது. ஒரே மாதிரி வடிவமுள்ள புரொப்பெல்லர் எடுத்துக்கொள்ளும் சக்தி, விட்டத்தின் ஐந்தாம் மடியாகவும் ஆர்பிஎம்மின், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன், மூன்றாம் மடியாகவும் ஏறும். 60 அங்குலத்தில் ஓர் அங்குலத்தை வெட்டினால், அதே சுழற்சியில் அது உறிஞ்சும் சக்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். எஞ்சின் அதே சக்தியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் 3000-த்தில் சுற்றியது 3085 பக்கம் போகும். இப்போது உங்களிடம் என்ன தகவல் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் உண்மையில் எத்தனை குதிரைசக்தி தருகிறது என்பது தெரியாது, காகிதத்தில் உள்ளதுதான் தெரியும். உங்கள் கையால் கட்டிய உடம்புக்குக் காற்றுத்தடை எவ்வளவு என்பதும் தெரியாது. இந்த இரண்டும் பறந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் 40 மணி நேரம் செலவழித்துச் செதுக்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

அதே எஞ்சினுக்கும் அதே மாதிரி விமானத்துக்கும் நிறையச் செய்து கொடுத்தவரிடம் இந்த எண்கள் அனுபவமாக இருக்கும். அவரிடம் வாங்கி மாட்டுங்கள். தரையில் முழுத் திராட்டிலில் எத்தனை ஆர்பிஎம், ஏறும்போது எத்தனை, மட்டமாக முழு வேகத்தில் போகும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்கள் போதும். இரண்டாவது புரொப்பெல்லர் அவற்றிலிருந்து பிறக்கும். வாங்குவதைப் பற்றி இதற்குமேல் அதிகம் சொல்ல இல்லை. போல்ட் வட்டத்தின் விட்டம், போல்ட் எண்ணிக்கை, பைலட் இருக்கையிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற மூன்றையும் ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு முறை சரிபாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றும் புரொப்பெல்லர் வந்து இறங்கினால் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கோணம் மாற்றும் கார்பன் பிளேடை நான் அளவுகோலாகத்தான் பார்க்கிறேன். நண்பர் ஒருவரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் கிடைத்தால் அரை பாகை கூட்டி, அரை பாகை குறைத்து, எஞ்சின் எங்கே சந்தோஷமாக ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். பிறகு அந்த அளவை வைத்து மரத்தில் செதுக்கலாம். பிளேடின் வடிவம் வேறு என்பதால் கோணம் அப்படியே ஒத்துவராது, ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கியர்பாக்ஸ் உள்ள எஞ்சினுக்கு என்று செய்த பிளேடைக் கியர் இல்லாத நேரடி எஞ்சினில் மாட்டக் கூடாது, தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதித்தால் தவிர. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நேரடியாகக் கொடுக்கும் உதறல் வேறு ரகம்.

அந்த உதறலால்தான் மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உலோகம் மறுபடி மறுபடி வளைந்து நிமிர்ந்தால் களைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். மரம் அந்த அதிர்வை உள்ளுக்குள் தின்றுவிடும். எடையும் குறைவு. கார் எஞ்சினிலிருந்து மாற்றிய வோக்ஸ்வாகன் மாதிரியான எஞ்சின்களில் கனமான உலோகப் புரொப்பெல்லரை மாட்டினால், விமானம் மூக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பம்பரத்தைச் சாய்ப்பதுபோல் ஒரு விசை கிராங்க் முனையில் வந்து விழும். கிராங்க் உடைந்த கதைகள் இந்த வட்டாரத்தில் புதிதல்ல. தரையில் தட்டினால் மரம் சிதறிப் போகும். கிராங்கைப் பல நேரம் அது காப்பாற்றும். எஞ்சினைத் திறந்து பார்க்கும் வேலை அப்போதும் உண்டு.

சரி, கைச் செதுக்கலுக்கு வருவோம். 1903-இல் ரைட் சகோதரர்கள் எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களை ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டிக் கைக்கோடரியாலும் இழுப்புக் கத்தியாலும்தான் செதுக்கினார்கள். இன்றைய சோதனைகளில் அவற்றின் செயல்திறன் சுமார் 75 சதவீதம் என்று வருகிறது. கருவி போதாது என்று சொல்ல அவர்களுக்குப் பின் யாருக்கும் உரிமை இல்லை. புரொப்பெல்லர் என்பது சுற்றுகிற இறக்கை என்று புரிந்துகொண்டு ஒவ்வோர் இடத்துக்கும் கணக்குப் போட்டதுதான் அவர்களின் வெற்றி. கோடரி வேலை அதற்குப் பிறகுதான்.

வேலை கட்டையை ஒட்டுவதில் தொடங்குகிறது. 20 மில்லிமீட்டர் பலகை ஐந்தை அடுக்கினால் நடுவில் 100 மில்லிமீட்டர் கனம் வரும். வண்டிச் சக்கரத்துக்கு உள்ளதுபோல் இதற்கும் நடுவில் குடம் உண்டு, அந்தக் கனம் அங்கேதான் தேவை. ஒரே தடியில் செதுக்காமல் பலகையாக ஒட்டுவது, ஒரு பலகை முறுக்க நினைத்தால் மற்ற நான்கும் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. பலகைகளை ஒட்டுவதற்கு முன் ஒரே அறையில் சில வாரங்கள் சேர்த்துப் போட்டு வையுங்கள், ஈரம் எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு வரட்டும். ரேகை பலகையின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். விமான மரத்துக்குப் பழைய அளவு ஒன்று உண்டு: 15 அங்குலம் ஓடினால் ரேகை 1 அங்குலத்துக்குமேல் விலகக் கூடாது. கணு இருந்தால் அந்தப் பலகையை நாற்காலி செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம்? பிர்ச்சும் மேப்பிளும் முதல் வரிசை: கெட்டி, ரேகை சீர், பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் உளி சீக்கிரம் மழுங்கும். வால்நட், மஹோகனி இரண்டும் கைக்கு இதமானவை, கொஞ்சம் இலகு. 1909-இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டியபோது சுற்றியது புரொப்பெல்லர் தயாரிப்பாளர் ஷோவியேர் செய்த, வால்நட் பலகைகளை ஒட்டிய புரொப்பெல்லர்தான். எஞ்சின் வெறும் 25 குதிரைசக்தி. முதல்முறை செதுக்குபவருக்கு நான் மஹோகனியைச் சொல்வேன், தப்பு நடந்தாலும் கை நோகாது. ஸ்ப்ரூஸ் மெதுவான சுழற்சிக்குச் சரி, ஆனால் போல்ட் இறுக்கும்போது குடம் நசுங்கும். தேக்கு ஆசை காட்டும்: அழகு, நேர் ரேகை, வைரம் பாய்ந்தது. ஆனால் அதில் எண்ணெய் உண்டு, பசையை நம்ப முடியாது. ஒட்டிய புரொப்பெல்லருக்குத் தேக்கை நான் தொட மாட்டேன்.

பசையில் சண்டை ரெசார்சினாலுக்கும் எபாக்சிக்கும். ரெசார்சினால் கொதிநீரிலும் விடாது, சூட்டுக்கும் அசையாது. ஆனால் பலகைகள் இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும், அறை வெப்பமும் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. கடின மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டாவது அழுத்தமும் கேட்கும். 60-க்கு 6 அங்குலக் கட்டை என்றால் மொத்தம் 54,000 பவுண்டு, அதாவது 24 டன்னுக்கு மேல். ஒரு சி-கிளாம்ப் அரை டன் பிடித்தாலும் 50 கிளாம்ப் வேண்டும். இரவு பத்து மணிக்கு பசை இறுகிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி கிளாம்ப் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. எபாக்சிக்கு இவ்வளவு அழுத்தம் வேண்டாம். அழுத்தினால் பசை முழுதும் வெளியே வழிந்து மூட்டு காய்ந்துவிடும். சின்ன இடைவெளியையும் நிரப்பும். ஆனால் சூட்டில் இளகும், ஆகவே பிளேடுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து வெயிலில் நிறுத்தக் கூடாது. நன்றாக இழைத்த பலகையும் நிறைய கிளாம்பும் உள்ளவருக்கு ரெசார்சினால், மற்றவர்களுக்கு எபாக்சி. சாதாரண வெள்ளைத் தச்சுப் பசை இரண்டுக்கும் மாற்றல்ல, தொடர்ந்து இழுக்கும் சுமையில் அது மெல்ல நழுவும்.

செதுக்கலில் முதலில் பைலட்டைப் பார்க்கிற தட்டைப் பக்கம். குறித்த ஒவ்வோர் இடத்திலும் கணக்கில் வந்த ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி, கீறல்களுக்கு நடுவில் உள்ளதை உளியால் தள்ளி, இழைப்புளியால் சமன் செய்ய வேண்டும். ரம்பக் கீறலின் அடிக்கோடு மறையும் இடத்தில் கை நிற்க வேண்டும். ரேகை எதிர்த்து வந்தால் இழைப்புளி திக்கும், சத்தமே மாறும். உடனே திரும்பி மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். தட்டைப் பக்கம் முடிந்ததும் மட்டமான மேசையில் குடத்தை வைத்துக் கோணமானியால் ஒவ்வோர் இடமாக அளக்க வேண்டும். அப்புறம்தான் வளைந்த பக்கம், அந்த வளைவுக்கு வெட்டிய அட்டையை வைத்துப் பார்த்து, கடைசியில் அரமும் உப்புத்தாளும்.

என் முதல் புரொப்பெல்லர் இங்கேதான் மாட்டிக்கொண்டது. முதல் பிளேடு அட்டவணைப்படியே வந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாகச் செய்தேன். 18 அங்குலத்தில் 19.5 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 18 காட்டியது. மரத்தை எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. தப்பாக வந்த பிளேடைத் திருத்த அதில் மரம் மிச்சமில்லை, ஆகவே சரியாக வந்ததையும் அதற்கேற்பக் கெடுக்க வேண்டி வந்தது. ஒன்றரை பாகைதானே என்று தோன்றும். அந்த இடத்தில் 40 அங்குலப் பிட்ச் 37-க்கும் கீழே இறங்கிவிட்டது. விமானம் நன்றாக ஏறியது, ஆனால் மட்டமாகப் போகும்போது எஞ்சின் கத்தியதே தவிர வேகம் வரவில்லை. தவறு செதுக்கலிலா, நான் தேர்ந்த 40-இலா, எஞ்சினிலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வேறு புரொப்பெல்லர் எதுவும் இல்லை. முதலில் வாங்குங்கள் என்று நான் சொல்வதன் வேர் இதுதான்.

இந்தத் தப்பை நகல் ரூட்டர் செய்யாது. மாதிரியின் ஒரே பிளேடை இரண்டு முறை நகலெடுத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். யோசனையும் பழையது: ஒழுங்கற்ற வடிவங்களை நகலெடுத்துக் கடையும் இயந்திரத்தைத் துப்பாக்கிக் கட்டைகளுக்காகத் தாமஸ் பிளான்சார்ட் 1819-லேயே செய்துவிட்டார். ஆனால் மாதிரியில் உள்ள குறையும் அப்படியே வரும். வருடக்கணக்கில் பரணில் கிடந்து முறுக்கிக்கொண்ட பழைய புரொப்பெல்லரை நகலெடுத்தால் முறுக்கலைத்தான் நகலெடுத்தவராவீர்கள். இயந்திரத்தைச் செய்யும் நேரத்தில் ஒரு புரொப்பெல்லரையே செதுக்கிவிடலாம் என்பதால், ஒன்றுதான் வேண்டும் என்றால் இது வீண் வேலை. மூன்று நான்கு பேர் ஒரே விமானத்தைக் கட்டுகிறீர்கள், ஒருவரிடம் நல்ல புரொப்பெல்லர் இருக்கிறது என்றால் கதை வேறு.

சிஎன்சி-யின் பலம், எண்ணை மாற்றி மறுபடி வெட்டலாம் என்பது. 40 போதவில்லை என்றால் 42 என்று மாற்றினால் போதும். ஒன்றரை மீட்டர் மேசையுள்ள இயந்திரமும், வரையத் தெரிந்தவரும், கட்டையைக் கவிழ்த்துப் போட்டாலும் அதே இடத்தில் நிற்க குடத்துத் துளையில் இறுக்கிய முளையும் இருந்தால் இரண்டாவது புரொப்பெல்லருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இயந்திரத்துக்கு மரம் தெரியாது. ரேகை எதிர்த்து வந்தாலும் அதே வேகத்தில் ஓடும், மெல்லிய பின்விளிம்பில் சிராய் பெயர்ந்து வரும். மேல் மரத்தை எடுத்தவுடன் உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து கட்டை லேசாக நகரும். ஆகவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டி, ஒரு வாரம் கிடப்பில் போட்டு, பிறகு கடைசி வெட்டு. கைச் செதுக்கலில் இந்த ஓய்வு தானாகவே கிடைக்கிறது, சனி ஞாயிறுகளில்தானே செதுக்குகிறோம்.

எந்த வழியில் போனாலும் நுனியைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். 60 அங்குலப் புரொப்பெல்லர் 3000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நுனியின் வேகம் விநாடிக்கு 239 மீட்டர், ஒலியின் வேகத்தில் 70 சதவீதம். அங்கே ஒட்டியிருக்கும் 1 கிராம், 7.7 கிலோ எடைபோல் வெளியே இழுக்கும். முன்விளிம்பைக் காக்க அடிக்கும் பித்தளைத் தகட்டில் நுனியோரம் 30 கிராம் இருந்தால் 230 கிலோ. ஆணி சரியில்லாத தகடு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை செய்பவருக்குத் தகட்டைவிடக் கண்ணாடி நார்த் துணியை எபாக்சியில் ஒட்டுவது நல்லது. மழையில் ஆர்பிஎம்மைக் குறைத்துக்கொண்டால் அது போதும். ஒரு பிளேடே பிய்த்துக்கொண்டு போனால்? 1.2 கிலோ பிளேடு, அதன் எடை மையம் 35 சென்டிமீட்டரில் என்றால், மறு பிளேடு எஞ்சினை இழுக்கும் விசை 4 டன்னுக்கு மேல். எஞ்சினைத் தாங்கும் மவுண்டோடு எஞ்சினே கழன்றுவிடும். ஆகவே முதல் ஓட்டத்தில் வாலைக் கயிற்றால் கட்டிவிட்டு, புரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்கோட்டில் ஒரு ஆளும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டியதை யார் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். பரிசோதிப்பவரை, நீங்கள் உளியைக் கையில் எடுக்கும் முன்பே கூப்பிடுங்கள், வார்னிஷ் அடித்த பிறகு பசைக்கோட்டைப் பார்க்க முடியாது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு சின்ன வேலையையும் சேர்த்தே ஏற்கிறார். மரம் சுருங்கும், குடத்துப் போல்ட் தளரும். முதல் பறத்தலுக்குப் பின்னும், பருவம் மாறும் ஒவ்வொரு முறையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சோடு போய் நிற்க வேண்டும். நிறுத்தும்போது பிளேடுகள் படுக்கையாக இருக்க வேண்டும். ஒன்று கீழே நின்றால் ஈரம் அந்தப் பக்கம் இறங்கிச் சமநிலை கெடும். இது தொல்லை என்று நினைப்பவர் கார்பனுக்கே போய்விடலாம்.

முதலில் வாங்கு என்று சொன்னாலும், வாங்க வழியே இல்லாத எஞ்சின்கள் உண்டு: யாரும் பறக்கவிடாத ஏதோ ஒரு பம்புசெட்டு எஞ்சின் மாதிரி. அதற்கான அனுபவ எண் எந்தத் தயாரிப்பாளரிடமும் இருக்காது, செதுக்கித்தான் ஆக வேண்டும். அப்போது கணக்கில் வந்த விட்டத்தைவிட இரண்டு அங்குலம் நீளமாக விட்டுச் செதுக்குங்கள். தரையில் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் திணறும், ஆர்பிஎம் குறைவாக நிற்கும். ஒவ்வொரு நுனியிலும் கால் அங்குலம் வெட்டி, நுனியின் வடிவத்தைத் திரும்ப உருட்டி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். வெட்டிய இரண்டு துண்டுகளையும் தூக்கி எறிவதற்கு முன் சின்னத் தராசில் எடை போடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் எஞ்சினைத் தொடாதீர்கள், புரொப்பெல்லரைக் கழற்றி மறுபடி சமநிலை பார்க்க வேண்டும்.